மிளகு உரலில் இடித்த மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு ஏதாவது சத்தம் கேட்டால், செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். "உனக்குக் கேக்குதா?" என்பார். நான் "இல்லீங்க" என்பேன். "செரி, அப்ப எனக்குள்ள கேக்குறதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேலையைப் பார்ப்பார். மூன்று வருஷம் எங்கள் குடும்பம் இந்தக் கேள்வியையும் பதிலையும் பிடித்துக்கொண்டுதான் ஓடியது.

அவருக்கு மனசு கலங்கியது ஒரு மிளகு பறிப்புக் காலத்தில். மிளகுக் கொடி ஏறிய மரத்தின் மேல் நின்றபடியே, எதிர்ச் சரிவில் இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். எதிர்ச் சரிவில் ஆளே இல்லை. நான்கு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பேச்சைத் தேடிக் காட்டுக்குள் போய்விட்டார். பக்கத்து ஊர் ஆட்களெல்லாம் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. அவரை நினைத்துதான் பயம் என்று அப்போது நினைத்தேன். என்னை நினைத்தே நான் பயப்பட வேண்டி வரும் என்று தெரியாது.

எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதத்தில் ஒரு புதன்கிழமை மலைக்குக் கீழேயிருந்து மனநல டாக்டரின் வேன் வரும். அவர் இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார். வெள்ளை தூக்கத்துக்கு, மஞ்சள் காலையில். வெள்ளையை இவர் கேட்டு வாங்கியே சாப்பிட்டார். மஞ்சளைத்தான் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு, "இது என்னைய மரக்கட்டையாக்குது, எனக்கு வேண்டாம்" என்று மிளகுக் கொடியின் தூரில் வீசிவிட்டார்.

எங்கள் மலையில் மனசு கலங்கினவர்களுக்குக் கொடுக்கிற எதையும் அவர்களுக்குத் தெரியாமல் கொடுப்பதுதான் வழக்கம். பூசாரி திருநீறு கொடுத்தாலும் சரி, வைத்தியர் வேர் இடித்துக் கொடுத்தாலும் சரி, "சாப்பிடுறவனுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா மருந்து ஏறாது" என்று சொல்லித்தான் கையில் வைப்பார்கள். வீட்டுப் பெண்கள் அதைக் குழம்பில் கலந்துவிடுவார்கள். கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதுவும் வழக்கம்தான். மாதாமாதம் அவர் பேரில் வாங்கி வந்த மஞ்சள் மாத்திரையையும் நான் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். மிளகு இடிக்கிற சின்னக் கல்லுரலில் மிளகோடு சேர்த்து இடித்து, காலையில் களிக்கு ஊற்றுகிற கீரைக் குழம்பில் அவர் பங்கில் மட்டும் கலந்தேன். கசப்பு தெரியாமல் இருக்க பத்து மிளகு கூடுதல். எங்கள் மிளகுக்கு எதையும் மறைக்கிற காரம் உண்டு.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். கர்ப்பிணிப் பெண்கள் இரும்புச்சத்து மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும் என்று கறாராக நிற்பவள். "என்ன மாத்திரை, எதுக்கு மாத்திரைன்னு தெரிஞ்சு சாப்பிடணும் கண்ணு" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள். என் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்ததும் அந்தப் பாடம் எனக்கு மறந்துவிடும்.

மருந்து வேலை செய்தது, அதையும் சொல்லியாக வேண்டும். தூங்கினார், தோட்டத்துக்குப் போனார், மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். சத்தம் கேட்டால் என்னைக் கேட்டார். நான் சாமர்த்தியசாலி என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

பிறகு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

மிளகு பறிக்க எங்கள் ஆட்கள் ஒற்றை மூங்கில் ஏணியில்தான் ஏறுவார்கள். கணுவில் விட்ட குச்சிதான் படி. சில்வர் ஓக் மரத்தில் அதைச் சாய்த்துக் கட்டிவிட்டு உச்சி வரைக்கும் போவார்கள். நடுங்குகிற கையோடு இவர் மேலே நிற்பதைக் கீழேயிருந்து பார்க்க எனக்கு முடியாது. அங்கன்வாடியில் குழந்தைகளுக்குச் சத்துமாவு கரைத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ஓடிவருகிற சத்தம் கேட்டால் என் உயிர் போய் வரும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பிள்ளையை விட வருகிற தாயாகத்தான் இருக்கும்.

அடுத்து வேன் வந்த புதன்கிழமை அவரே டாக்டரிடம் சொன்னார்.

டாக்டருக்கு அங்கே அறை கிடையாது. வராந்தாவில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. காய்ச்சலுக்குச் சீட்டு வாங்குகிறவர்களின் வரிசை எங்கள் முதுகை உரசிக்கொண்டு போகும். அதில் பாதிப் பேரின் பிள்ளைகள் என் அங்கன்வாடியில்தான் இருக்கின்றன. எங்கள் முறை வந்தால் ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்கூடக் கிடைக்காது.

"டாக்டருங்க, சோத்துல என்னமோ கலக்குறாங்க" என்றார் இவர். மெதுவாகத்தான் சொன்னார்.

"யார் கலக்குறாங்க?"

"தெரியலீங்க. தின்ன கொஞ்ச நேரத்துல கை நடுங்குதுங்க. நாக்கு தடிக்குதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வீட்ல ஏதாவது அந்த மாதிரி...?"

என் முதுகுக்குப் பின்னால் வரிசை பேச்சை நிறுத்திவிட்டது. 'ஆமாங்க சார், நான்தான் புருஷன் சோத்தில் கலக்குறேன்' என்று அங்கே நின்று எப்படிச் சொல்வது? பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி சோளக்காடு சந்தைக்குப் போயிருக்கும், போகிற வழியிலேயே விஷமாகவும் மாறியிருக்கும்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?"

"சாப்பிடறாருங்க." இவரும் வெள்ளை மாத்திரையை நினைத்துத் தலையை ஆட்டினார்.

இவர் எழுந்து போனதும் டாக்டர் சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினார். "சந்தேகம் கூடியிருக்கு. மஞ்சள் இனிமே ரெண்டா குடுங்க."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுக்கப்பட்ட பொய்க்கு அவர் சரியான மருந்துதான் எழுதினார். நான் இரண்டு மாத்திரையாக இடித்தேன். நடுக்கம் கூடியது. அவர் மறுபடியும் டாக்டரிடம் அதையே சொன்னார், நான் மறுபடியும் இல்லை என்றேன். வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் என்னைக் கேட்டார். "நெசமாவே ஒண்ணும் கலக்கலையா?"

"இல்லீங்க."

"செரி. அப்ப நோவு முத்திப்போச்சு" என்றார். என் மேல் கோபமே இல்லை. தன் மேல்தான் அவருக்குப் பயம். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தவள் நான்.

ஒரு நாள் காலையில் தட்டைத் தள்ளிவிட்டார். "எனக்கு வேண்டாம். இதுல என்னமோ இருக்கு." ஒன்பது வயசு மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சாப்பிடாமல் போகிறாரே என்று அவளுக்கு வருத்தம். "ஒண்ணுமில்ல அப்பா, நான் தின்னு காட்டறேன் பாருங்க" என்று சொல்லி அவர் தட்டில் ஒரு உருண்டைக் களியைப் பிட்டு, குழம்பில் நன்றாகப் புரட்டி வாயில் போட்டாள்.

எட்டிக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு நொடியில் நான் மகளைக் காப்பாற்றவில்லை, என் பொய்யைத்தான் காப்பாற்றினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அவள் மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா?" அவரும் சமாதானமாகித் தட்டை இழுத்துக்கொண்டார்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பிள்ளை வகுப்பிலேயே தூங்கிவிட்டாள், எழுப்பினால் நிற்க முடியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தலை தொங்கிக்கொண்டே வந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனால் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார்கள். அதற்கும் பயந்து உட்கார்ந்திருந்த தாய் நான். சாயங்காலம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் நான் அழுதேன்.

டாக்டரோடு ஒரு ஆலோசகர் பெண்ணும் வேனில் வருவார். சின்ன வயசு, என்னை அக்கா என்று கூப்பிடுவார். சீட்டின் பின்பக்கம் அவர் நம்பர் இருந்தது. மறுநாள் சிக்னல் கிடைக்கிற ரோட்டு மேட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அந்த மேட்டில் இன்னும் நான்கு பேர் போன் பேசிக்கொண்டு நின்றார்கள். "வீட்ல நிலைமை சரியில்லீங்க மேடம், ரொம்பப் பயமா இருக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"குடும்பமா உக்காந்து பேசணும்க்கா" என்றார் அவர். "அவரைத் தனியாப் பாத்தா போதாது. நீங்க, பாப்பா, எல்லாரும் சேர்ந்து. கீழ ஆஸ்பத்திரியில அதுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. வாராவாரம் நடக்குது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா?" என்றேன். கீழே இருக்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், கதவு உள்ள ஒரு அறை. எங்களுக்கு மாதத்தில் ஒரு வராந்தா. பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். கீழே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. கால்வாசி தாண்டுவதற்குள் இவர் டிரைவரின் கண்ணாடியையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். "அவன் என்னையப் பத்தி கண்டக்டர்கிட்ட சொல்றான். உனக்குக் கேக்குதா?"

"இல்லீங்க."

"எனக்குக் கேக்குதே. ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன், எறங்கிக்கிறேன்." எழுந்து படிக்குப் போய்விட்டார். மகளின் கை அவர் கையில் இருந்தது. டிரைவர் ஒரு வளைவில் நிறுத்தினார். நாங்கள் இறங்கியதும் பஸ் போய்விட்டது. இவர் போய் ரோட்டோரக் கட்டைச் சுவரின் மேல் உட்கார்ந்துகொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை, வெறும் மரத் தலைகள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். நடுங்குகிற கை அவள் தோள்மேல். நான் கத்தினால் எழுந்துவிடுவார், எழுந்தால் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் என் உரலிலிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். மெல்ல நடந்துபோய்ப் பிள்ளையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். மேலே போகிற ஒரு லாரி வந்து நிற்கும்வரை விடவில்லை.

ஆலோசகரிடம் போனில் சொன்னேன். "நீங்க கீழ வர முடியலன்னா நான் இருந்துட்டு வரேன்க்கா. வேன் போகட்டும்" என்றார்.

அப்படித்தான் நடந்தது. அடுத்து வேன் வந்த புதன்கிழமை எல்லோரையும் பார்த்து முடித்து வேன் கிளம்பியபோது அவர் ஏறவில்லை. சாயங்கால பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றுவிட்டார். நர்ஸிடம் சாவி வாங்கி, தடுப்பூசி மருந்து வைக்கிற அறையைத் திறந்தார். குளிர்பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. நான்கு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார். வெளிச் சத்தம் நின்றது. மூன்று வருஷத்தில் எங்களுக்காக ஒரு கதவு சாத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. இனி தப்பிக்க வழி இல்லை என்ற பயமும் கூடவே வந்தது.

"இந்த வீட்ல ஒவ்வொருத்தருக்கும் எது பயம்னு சொல்லலாமா?" என்று கேட்டார். "பாப்பா மொதல்ல."

மகள் யோசித்தாள். "அப்பா தட்டைத் தள்ளறப்ப அம்மா மொகத்தப் பாத்தா பயமா இருக்கும்" என்றாள். அப்பாவைச் சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து இவர். அவருக்கு அத்தனை நேரம் பேச யாரும் இடம் கொடுத்ததே இல்லை. முதலில் தயங்கினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "காலைச் சோறு தின்னாத்தானுங்க நடுங்குது. ராத்திரி சோத்துக்கு ஒண்ணும் பண்றதில்ல. இவ பயிற்சிக்குன்னு சேந்தமங்கலம் போனா பாருங்க ரெண்டு நாளு, நானே களி கிண்டித் தின்னேன். அந்த ரெண்டு நாளும் கை நின்னுச்சுங்க. மரம் ஏறிப் பறிச்சேன். இவ வந்த மறுநாளு திரும்ப நடுங்குச்சு. யோசிச்சுப் பாத்தா கணக்கு செரியா வருது. ஆனா இவ இல்லைங்கிறா. இவ இல்லைன்னா இல்லைதானுங்க. அப்ப என் கணக்குல கோளாறு. அதுதானுங்க எனக்குப் பயம். கண்ணு முன்னால தெரியறதே தப்புன்னா, நான் எதைத்தானுங்க நம்பறது?"

குளிர்பெட்டி நின்று மறுபடி ஓடியது. என் முறை. என்னைக் கேட்கக்கூட இல்லை, அந்தப் பெண் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"உங்க கணக்கு செரிதாங்க" என்றேன். "நான்தான் கலந்தேன். மஞ்ச மாத்திரையை."

கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. எழுந்து அடிப்பார், அல்லது எழுந்து போய்விடுவார், இனி என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை.

"மொத நாள்ல இருந்தா?"

"ஆமாங்க."

"புள்ள தின்னாளே, அன்னிக்குமா?"

"ஆமாங்க."

மகளை இழுத்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டார். அவள் தலையைத் தடவிக்கொண்டே ஆலோசகரைப் பார்த்தார். "அப்ப நான் டாக்டர்கிட்ட சொன்னது நோவு இல்லீங்களா?"

"இல்லீங்க. அது உண்மை. நாங்க கேட்ட விதம் சரியில்ல."

"அப்ப அந்த பஸ்ஸு டிரைவரு? எதிர்ச் சரிவுப் பேச்சு?"

"அது நோய்தான்னு நினைக்கிறேங்க."

"எப்படிங்க பிரிச்சுப் பாக்குறது?" என்றார். "இவளக் கேட்டுத்தானுங்க நான் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். இவ இல்லைன்னா இல்லை. அந்த ஒரு கயிறுதானுங்க இருந்துச்சு."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களோடு சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்னும் மரியாதை. பிறகு டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். மஞ்சள் மாத்திரை பழையபடி ஒன்றாகக் குறைந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, இன்னது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பேசி முடித்தோம்.

மறுநாள் காலை அவர்தான் களி கிண்டினார். என்னை அடுப்படிக்குள் விடவில்லை. குழம்பும் அவரே. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "தின்னு" என்றார்.

பிட்டு வாயருகில் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. குழம்பில் மிளகு மணம் கூடுதலாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கினேன். ஒன்றுமில்லை, வெறும் கீரைக் குழம்புதான். ஆனால் முழுத் தட்டையும் தின்று முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு வாயிலும் பயம் இருந்தது. கை நடுங்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் இப்படித்தான் என் கையால் சாப்பிட்டிருக்கிறார்.

இப்போதெல்லாம் மஞ்சள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறேன். சில நாள் போட்டுக்கொள்கிறார், சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்கிற நாளில் எனக்கு அந்த மண்வெட்டி நினைவுக்கு வரும். இருந்தாலும் உரலை எடுப்பதில்லை. ஆலோசகர் இன்னொரு முறை இருந்துவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறார். எப்போது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பார்க்க வேண்டிய மலை எங்களுடையது ஒன்று மட்டும் இல்லையே.

அந்தக் கேள்வியை மட்டும் அவர் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் காலையில் களியைப் பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். என் பக்கம் திரும்பவில்லை. மகளிடம், "கண்ணு, யாரோ பேசறாங்க. உனக்குக் கேக்குதா?" என்றார்.

"இல்லப்பா" என்றாள் அவள். வாயில் களியோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அது அப்படியே என் குரல்.

அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்தார். 'இல்லீங்க' என்பது எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போனேன். மரவள்ளித் தோட்டத்தின் ஓரம் வரைக்கும் போய் நின்றேன். முதலில் காற்று மட்டும்தான். நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகு எதிர்ச் சரிவு ரோட்டிலிருந்து அது வந்தது. பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிற வண்டியின் ஸ்பீக்கர். பதிவு செய்த ஒரு ஆண் குரல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, காற்று திரும்பினால் வந்தும் திரும்பாவிட்டால் அறுந்தும்.

மூன்று வருஷமாக நான் சொன்ன அத்தனை 'இல்லீங்க'வில் ஒன்றுக்குக்கூட நான் நின்று கேட்டதில்லை.

திரும்பி வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். "ஆமாங்க" என்றேன். "எனக்கும் கேக்குதுங்க."